களரி ராத்திரியும் நாலு மேடையும்



சிவராத்திரி முடிந்து ஒரு வாரம் ஆகிறது. என் அண்ணன் மகள் ஃபேஸ்புக்கில் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறீர்கள். "டீச்சர், ராத்திரி ரெண்டு மணிக்கு நாடக மேடைக்கு முன்னால பாய் விரிச்சு உக்காந்திருக்கீங்களே, மூட்டு வலி எங்கே போச்சு?" என்று ஒருவன். 1996-ல் ஐந்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவன், இப்போது துபாயில் இருக்கிறான். பதில் சொல்லிவிட்டேன். மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் சொந்தத்தில் ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. "ஒரு கோயில்ல உக்காந்து கண் விழிச்சாத்தானே அத்தை சிவராத்திரி? நாலு இடத்துல நாலு கச்சேரி பாக்குறதெல்லாம் என்ன விரதம்?" என்று கேட்டிருக்கிறான். அதற்குத்தான் இந்தப் பதிவு. நீளமாக வரும். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

வெளியூரில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காக முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம்ம ராமநாதபுரம் சீமையில் மகா சிவராத்திரி என்றால் சிவன் கோயில் மட்டும் இல்லை. அன்றைக்குத்தான் குலசாமி கோயில்களில் மாசிக் களரி. வருடம் முழுக்க முள்ளுக்காட்டுக்குள் ஒற்றை விளக்கோடு இருக்கிற சாமிக்கு அன்றைக்கு ஒரு ராத்திரி பந்தல், சீரியல் செட், பொங்கல், படையல், சாமியாட்டம் எல்லாம். திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிற பங்காளிகள் வேன் பிடித்து வந்து இறங்குவார்கள். சாமி வேலை முடிந்ததும் விடிய விடிய கண் விழிக்க வேண்டும். அதற்காக வந்ததுதான் மேடை. நாடகமோ கரகாட்டமோ பாட்டுக் கச்சேரியோ, அவரவர் வரிப்பணத்துக்குத் தக்கபடி.

இதில் ஆண்களுக்கு ஒரே கோயில். பொம்பளைகளுக்கு இரண்டு. பிறந்த வீட்டுச் சாமி ஒன்று, வாக்கப்பட்ட வீட்டுச் சாமி ஒன்று. முறைப்படி கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் வீட்டுச் சாமிதான் நம் சாமி. ஆனால் பிறந்த வீட்டுக் களரியில் கொட்டுச் சத்தம் கேட்கிறபோது எந்தப் பொம்பளையால் இந்தப் பக்கம் பொங்கல் பானையையே பார்த்துக்கொண்டு உட்கார முடியும்? எங்கள் அப்பத்தா பொங்கலை இறக்கி வைத்துவிட்டு, மருமகளிடம் "பாத்துக்கத்தா" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். பின்னாலேயே நாங்கள் ஆறேழு பிள்ளைகள், ஒரு அரிக்கேன் விளக்கு, ஒரு கோரைப் பாய். கண்மாய்க் கரை வழியாக நடந்தே போவோம். நான் சொல்வது 1970-ஐ ஒட்டிய காலம். எனக்கு வயது பத்து இருக்கும்.

வழியில் இன்னும் இரண்டு கோயில்கள் இருக்கும். அங்கேயும் களரிதான். நின்று பார்ப்போம். ஒன்றில் நையாண்டி மேளம். இரண்டு நாயனம், இரண்டு தவில், பம்பை, உறுமி, தாளம், நடுவில் கரகம். அடுத்ததில் ஒயிலாட்டம், கையில் துணியோடு இளவட்டங்கள் வரிசை கட்டி நிற்பார்கள். அப்பத்தாவின் பிறந்த வீட்டுக் கோயிலில் கண்டிப்பாக வள்ளி திருமணம். எதிரே வருகிற கூட்டத்தை நிறுத்தி, "அங்க என்னத்தா நடக்குது? பபூன் வந்துட்டானா?" என்று அப்பத்தா விசாரிப்பார். "இப்பத்தான் வந்தான், வெரசாப் போங்க" என்பார்கள். அவர்கள் நாடகத்தில் நாரதர் வருவதற்குள் கரகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று போகிறவர்கள். ஒரு ராத்திரியில் எங்கே எது எப்போது என்று ஒவ்வொரு பொம்பளைக்கும் மனப்பாடம்.

தம்பி கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். மேடை மேடையாக நடந்துபோய்க் கேட்பது நேற்று முளைத்த பழக்கம் இல்லையப்பா. நம்ம ஊர் ரசிகர் கூட்டமே நடந்து நடந்து உருவான கூட்டம்தான். அதில் இன்னொன்றும் இருக்கிறது. வருடத்தில் 364 நாளும் விளக்கு வைத்த பிறகு வாசற்படி தாண்டக்கூடாது என்று வளர்த்த பெண் பிள்ளைகள், ஊர் விட்டு ஊர் ராத்திரியில் நடந்து போகலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்று இருந்தது அந்த ஒரு ராத்திரிதான். ஆண்களுக்கு எல்லா ராத்திரியும் அவர்களுடையது. எங்களுக்கு அந்த ஒன்றுதான்.

அந்த ஒன்றும் இப்போது கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு வருத்தம் மட்டும் இல்லை, கோபமும் உண்டு. காரணத்தைச் சொல்கிறேன்.

2025-ல் பிப்ரவரி 26, புதன்கிழமை சிவராத்திரி. சாயங்காலம் ராமேஸ்வரத்தில் ராமநாதசுவாமி தரிசனம். பாம்பனில் புது ரயில் பாலம் அப்போது இன்னும் திறக்காததால் ரயில் மண்டபத்தோடு நின்றுவிட்டது. அதனால் வேன் பேசியிருந்தோம். நான், அண்ணன் மகள், அத்தாச்சி, கொழுந்தன் பெண்டாட்டி, அவர்களுடைய இரண்டு பேத்திகள். எங்கள் வீட்டுக்காரர் முன்னாலேயே எங்கள் கோயிலுக்குப் போய்விட்டார். மேளச் சத்தத்தைப் பின்னால் விட்டுவிட்டு, எட்டரை மணி போலப் பாலம் தாண்டினோம். இரண்டு பக்கமும் கடல் இருட்டு. உச்சிப்புளி வருவதற்குள் ரோட்டுக்கு உள்ளடங்கி வரிசையாகப் பந்தல் வெளிச்சம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

முதலில் எங்கள் கோயில். நையாண்டி மேளம் வைத்திருந்தார்கள், நல்ல செட்டு. தவில்காரர் ஒருவருக்கு எழுபது வயது இருக்கும். அவர் அடித்த அடியில் என் பேத்தி இடுப்பில் கை வைத்து ஆட ஆரம்பித்துவிட்டாள். சாமி இறங்கி, படையல் போட்டு, விபூதி வாங்கிக்கொண்டு பதினொன்றரைக்குக் கிளம்பினோம்.

இரண்டாவது கோயிலுக்கும் மூன்றாவது கோயிலுக்கும் ஊர்ப் பெயர் சொல்லமாட்டேன். இரண்டு கமிட்டியிலும் என்னிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். இரண்டாவதில் ஆடல் பாடல் நிகழ்ச்சி. அரை கிலோமீட்டர் தள்ளி வேனை நிறுத்தும்போதே வேன் கண்ணாடி அதிர்ந்தது. மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பெட்டி அடுக்கியிருந்தார்கள். பாட்டுக்காரர் ஒருவர், பாட்டுக்காரி ஒருவர். பின்னால் வாத்தியக்காரர் ஒருத்தர்கூட இல்லை, ஒரு லேப்டாப் மட்டும். போன தீபாவளிக்கு வந்த ஒரு படத்துப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் இளவட்டங்கள் நின்றுகொண்டு ஆடுகிறார்கள், கையில் போன், பாதிப் பேரிடம் தண்ணி வாடை. மேடைக்கும் அவர்களுக்கும் நடுவில் பாய் விரிக்க ஓர் அடி இடம் இல்லை. பொம்பளைகள் எங்கே என்று தேடினேன். சாமி சன்னதிக்குப் பின்னால், வேன்களுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் சொந்தக் குலசாமி கோயிலில்!

மூன்றாவது கோயிலுக்குப் போனோம். வேறு ஊர், வேறு சாமி, வேறு கமிட்டி. மேடை அதேதான். இறங்குவதற்குள் என் பேத்தி, "அப்பத்தா, அதே பாட்டு!" என்றாள். அதே பாட்டுத்தான், அதே டிராக்தான், அதே இடத்தில் அதே விசில். இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை.

சுற்றிப் பார்ப்பதற்கு அர்த்தம் வேண்டும் என்றால் ஓர் இடத்தில் இருப்பது இன்னோர் இடத்தில் இருக்கக்கூடாது. நாலு கோயிலிலும் ஒரே லேப்டாப் என்றால் எதற்காக நடக்க வேண்டும்? போனிலேயே கேட்டுக்கொள்ளலாமே. அதைத்தான் பிள்ளைகள் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்வது?

சினிமாப் பாட்டு என்றாலே எனக்கு ஆகாது என்று நினைக்காதீர்கள். என் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நான் எத்தனை சினிமாப் பாட்டுக்குப் பிள்ளைகளை ஆட வைத்திருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். ஆசிரியர் பயிற்சிக்கு முன்னால், பாவாடை தாவணி வயதில், இன்னிசைக் கச்சேரி என்றால் உயிர். அன்றைக்குக் கச்சேரி என்றால் மேடையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஆர்மோனியம், தபேலா, பாங்கோஸ், கிளாரினெட், வயலின். ரேடியோவில் கேட்ட பாட்டை இந்தப் பத்துப் பேர் எப்படிக் கொண்டுவரப் போகிறார்கள் என்று பார்ப்பதே பாதி ரசனை. சரியாக வந்துவிட்டால் ஒரு சந்தோஷம், வராவிட்டால் ஒரு சிரிப்பு. பாவலர் வரதராஜனும் அவர் தம்பிகளும் ஊர் ஊராக மேடையில் வாசித்துத்தானே இளையராஜா என்கிற ஒருவர் நமக்குக் கிடைத்தார்? இஸ்லாமியப் பாட்டுக் கச்சேரியில் ஆயிரக்கணக்கான ஜனத்தை ஒற்றைக் குரலில் கட்டிப்போட்ட நாகூர் ஹனிபா 1925-ல் பிறந்தது நம் ராமநாதபுரத்தில்தான், பலருக்குத் தெரியாது. வெறும் மேடையும் மைக்கும் வைத்துக்கொண்டு ஊர் சுற்றிய குரல் அது. லேப்டாப்பில் இருந்து இன்னொரு பாவலர் தம்பியோ இன்னொரு ஹனிபாவோ வரப்போவதில்லை.

மேடையில் ஆடுகிற பெண் பிள்ளைகள் மேலும் எனக்கு ஒரு வார்த்தை குறை இல்லை. அவர்களும் ராத்திரி முழுக்கக் கண் விழித்து வயிற்றுக்குச் சம்பாதிக்கிறவர்கள். கீழே நின்று போனை எங்கே வைத்துப் படம் எடுக்கிறான் என்று பார்த்தாலே அவர்கள் படுகிற பாடு தெரியும். என் கோபம் கமிட்டியின் மேல்தான்.

நாலாவது, என் பிறந்த வீட்டுக் கோயில். மணி ஒன்றே முக்கால். வள்ளி திருமணம், தினைப்புனத்தில் வள்ளி கவண் எடுத்துவிட்டாள். கீழே பாய்கள். ஒரு பக்கம் பொம்பளைகள், ஒரு பக்கம் ஆம்பளைகள், நடுவில் தூங்கிப்போன பிள்ளைகள். எண்ணிப் பார்த்தேன், வாத்தியார் புத்தி போகுமா? மொத்தம் 63 பேர். அதில் பொம்பளைகள் 38. அந்த ராத்திரி நாங்கள் போன இடங்களில் பொம்பளைகள் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மேடை அது ஒன்றுதான். நீங்கள் பார்த்த போட்டோ அங்கே எடுத்தது.

இந்த ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர் ஸ்பெஷல் என்றாலும் அது ஒரு கம்பெனி நாடகம் இல்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், நாரதர் ஓர் ஊர், பபூனும் டான்ஸ்காரியும் வேறு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி மேடைக்குப் பின்னால்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. ஆர்மோனியம், மிருதங்கம், எல்லாச் சத்தத்துக்கும் ஒரு ஆல்ரவுண்டு. எல்லாருக்கும் பொதுவாக இருப்பது சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாட்டும் வசனமும். சுவாமிகள் 1867-ல் தூத்துக்குடிச் சீமையில் பிறந்தவர், 1922-ல் புதுச்சேரியில் மறைந்தார். அவர் போய் நூறு வருடம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் ஒன்றுக்கொன்று தெரியாத ஐந்து பேர் அவரை நம்பி மேடை ஏறி விடிய விடியப் பாடுகிறார்கள். இதைவிட லைவ் என்று எதைச் சொல்வீர்கள்?

அதிலும் வள்ளி திருமணத்தில் நடப்பது என்ன? ஒரு குறத்திப் பெண், காட்டில் தனியாக நிற்கிறவள், முதலில் நாரதரிடம், பிறகு வேடனாக வந்த முருகனிடம், மணிக்கணக்கில் தர்க்கம் செய்கிறாள். அவர் ஒரு கேள்வி கேட்டால் இவள் இரண்டு கேட்கிறாள். ஸ்திரீபார்ட் கெட்டிக்காரியாக இருந்தால் அன்றைக்கு ராஜபார்ட்டுக்கு வியர்த்துவிடும். வீட்டில் எதிர்வார்த்தை பேசாத அத்தைமார் எல்லாம் "கேளுடி கேளுடி" என்று பாயிலிருந்து எடுத்துக் கொடுப்பதை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். பபூன் பேச்சில் பச்சை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, நன்றாகவே இருந்தது. எங்கள் அப்பத்தாதான் வாயைப் பொத்திக்கொண்டு முதலில் சிரிப்பார். ஆக, எனக்கும் ஆபாசத்துக்கும் சண்டை என்று யாரும் இதைச் சுருக்கிவிட வேண்டாம். பபூன் பேசும்போது நாங்கள் பத்தடி தூரத்தில் பாயில் உட்கார்ந்து கேட்டோம், பிடிக்காவிட்டால் திட்டினோம், அவனும் பதில் சொன்னான். இப்போது எங்களுக்கு உட்கார இடமே இல்லை. அதுதான் வித்தியாசம்.

இந்த மேடை பயந்தவர்களின் மேடையும் இல்லை. விஸ்வநாத தாஸ் என்று ஒருவர். அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த சிவகாசிக்காரர் (1985-ல்தான் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தார்கள்). முருகன் வேடத்தில் நின்றுகொண்டே வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பாடி, மேடையிலிருந்தே கைதாகிப் போனவர். 1940 டிசம்பர் 31 ராத்திரி, சென்னையில் இதே வள்ளி திருமணத்தில், மயில் மேல் உட்கார்ந்தபடியே பாடும்போது உயிர் போய்விட்டது. இதைப் பாடப்புத்தகத்தில் போட்டிருந்தால் நானே நடத்தியிருப்பேன்.

சரி, கணக்குக்கு வருவோம். மூன்றாவது கோயில் கமிட்டியில் இருக்கிற என் மாணவன் வேன்வரை வந்து வழி அனுப்பினான், தங்கமான பிள்ளை. "என்னப்பா, முந்தி இங்கே நாடகம் போடுவீங்களே?" என்றேன். "நாடகத்துக்கு யார் டீச்சர் உக்காருறாங்க? பசங்கதான் வரி வசூல் பண்றாங்க, பந்தல் வேலை பாக்குறாங்க, அவங்க கேக்குறதைத்தானே வைக்கணும்" என்றான். அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. வேலை செய்கிறவனுக்குச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் வரி தலைக்கட்டுக்குத்தானே போடுகிறீர்கள்? ஒவ்வொரு தலைக்கட்டிலும் பாதி பொம்பளைகள் இல்லையா? பொங்கல் வைப்பது யார், படையலுக்குச் சமைப்பது யார், முந்தின நாள் கோயிலைக் கழுவி விடுவது யார்? இந்த வேலை எல்லாம் வேலைக் கணக்கில் வராதா? கமிட்டிக் கூட்டத்தில் மேடைக்கு என்ன வைக்கலாம் என்று முடிவு எடுக்கும்போது ஒரு பொம்பளையாவது அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாளா என்று கேட்டேன். சிரித்தான்.

"யார் உக்காருறாங்க" என்பதற்கும் பதில் இருக்கிறது. உட்கார இடம் வைத்தால் உட்காருவார்கள். என் மகள் சென்னையில் இருப்பதால் மூன்று வருடமாக மார்கழிக்கு அங்கே போகிறேன். அங்கே சபா சபாவாகச் சுற்றுவதுதான் டிசம்பர் முழுக்க வேலையே. மத்தியானம் இலவசக் கச்சேரி ஒரு சபாவில், சாயங்காலம் இன்னொன்றில், நடுவில் கேன்டீனில் ஒரு ரவா தோசை. பாட்டுப் பாதியில் இருக்கும்போதே எழுந்து அடுத்த சபாவுக்கு ஓடுகிறார்கள். அதிலும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் பாதிக் கூட்டம் எழுந்துவிடுகிறது. மிருதங்க மேதை முருகபூபதி பிறந்த ஊர்க்காரியான எனக்கு அது மட்டும் பொறுக்கவில்லை! திருவையாற்றில் தலைகீழ். அங்கே ஜனம் உட்கார்ந்த இடத்தில் இருக்கும், வித்வான்கள்தான் பத்து நிமிடம் பாடிவிட்டு ஆள் மாறி ஆள் மேடை ஏறுவார்கள். ஆக, சுற்றிக் கேட்பது நம்ம ஊர்க் குற்றம் மட்டும் இல்லை.

சென்னையில் நான் கவனித்தது வேறு. என் வயதுப் பொம்பளைகள் துணை இல்லாமல் தனியாக வருகிறார்கள். ஒன்பதரைக்குக் கச்சேரி விட்டதும் ஆட்டோ பிடித்துத் தனியாக வீட்டுக்குப் போகிறார்கள். யாருக்கும் பயமில்லை. அவர்கள் என்ன நம்மைவிடத் தைரியசாலிகளா? கிடையாது. அங்கே நாற்காலி இருக்கிறது, வாசலில் வெளிச்சம் இருக்கிறது, கதவு சாத்துகிற கழிப்பறை இருக்கிறது, குடித்தவன் உள்ளே வர முடியாது. நம்ம களரியில் பெட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் பணம் இருக்கிறது. அவ்வளவு ஜனம் கூடுகிற இடத்தில் பொம்பளைகளுக்கு ஒரு மறைப்பு இல்லை. அந்த ராத்திரி முழுக்க என் அத்தாச்சி தண்ணீர் குடிக்கவில்லை. கேட்டால், "குடிச்சா எங்க போறது?" என்கிறார். கருவேல முள்ளுக்குள் பாம்பு பயத்தோடு போன காலத்தில் இருந்து இந்த விஷயத்தில் மட்டும் நாம் ஓர் அடி நகரவில்லை.

சங்கீதத்துக்கு நம்ம சீமை என்ன குறைந்ததா? ராமநாதபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தவர் பூச்சி சீனிவாச அய்யங்கார். அவரிடம் படித்த அரியக்குடி ராமானுஜ அய்யங்கார்தான் இன்றைக்கு மேடையில் கேட்கிற கச்சேரிக்கு வரிசை முறை அமைத்தவர் என்று சென்னையில் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த அரியக்குடியும் பழைய ராமநாதபுரம் ஜில்லாதான். ராம்நாட் கிருஷ்ணன் நம் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு அமெரிக்கா வரை போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தார். இவ்வளவு பேரைக் கொடுத்த மண்ணில், ஒரு ராத்திரி நாலு மேடைக்கு நாலு விதமான சத்தம் வைக்க முடியாதா?

சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2000-ம் வருடத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. திருவிழாக்களுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மேல் போகாமல், 12 மணி வரை மட்டும் மாநில அரசு தளர்த்திக்கொள்ளலாம். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி அளவு 45 டெசிபல், கிட்டத்தட்ட நாம் வீட்டுக்குள் மெதுவாகப் பேசுகிற சத்தம். 2005-ல் உச்ச நீதிமன்றமும் இந்தக் கட்டுப்பாட்டை உறுதி செய்துவிட்டது. சட்டப்படி பார்த்தால் விடிய விடிய நடக்கிற நாடகம் போலீஸ்காரர் மனசு வைத்தால்தான். பெட்டிக்காரன் போடுகிற சத்தத்துக்குப் புகார் போகும், அனுமதி இறுகும், கடைசியில் அடிபடப்போவது நாடகம். ஆடல் பாடலை மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம். வள்ளியின் தர்க்கத்தை எப்படி முடிப்பது? மைக்கே இல்லாத காலத்தில் கடைசிப் பாய் வரைக்கும் குரல் கேட்கப் பாடியவர்கள் இவர்கள். பாய் விரித்த இடத்துக்குள் கேட்கிற அளவு இரண்டு சின்னப் பெட்டி போதும். அடுத்த ஊர் மேடையை அமுக்கத்தான் அந்தப் பெரிய பெட்டி எல்லாம். அடுத்த ஊர்க்காரர்கள் யார்? நம் சம்பந்திகள்!

கமிட்டிகளில் இருக்கிற என் பிள்ளைகளுக்கு நேராகவே சொல்கிறேன். 2026-ல் சிவராத்திரி பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. லீவு நாள், கூட்டம் இந்த வருடத்தைவிட வரும். தை பிறந்ததும் மேடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவீர்கள். அதற்கு முன்னால் பக்கத்துக் கோயில்காரர்களிடம் ஒரு போன் போட்டு, "நீங்க என்ன வைக்கிறீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் ஆடல் பாடல் என்றால் நீங்கள் கரகம் வையுங்கள், இல்லை நாடகம் வையுங்கள். இளவட்டங்களுக்கு ஆட்டம்தான் வேண்டும் என்றால் பத்து மணிக்குள் ஆடி முடிக்கட்டும், அதற்குப் பிறகு மேடையைப் பாய்க்காரர்களிடம் கொடுங்கள். வேன் நிற்கிற இடத்திலிருந்து மேடை வரைக்கும் டியூப்லைட் கட்டுங்கள். பொம்பளைகளையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். சும்மா தலையைக் காட்டுவதற்கு இல்லை, பேசுவதற்கு.

என் பிறந்த வீட்டுக் கோயிலுக்குப் பொம்பளைகளுக்கான நடமாடும் கழிப்பறை வாடகை என் பென்ஷனிலிருந்து என்று சொல்லிவிட்டேன். எங்கள் கோயிலுக்கும் வீட்டுக்காரர் தலையாட்டியிருக்கிறார். மூன்றாவது கோயில் மாணவனிடமும் கேட்டேன், "பாப்போம் டீச்சர்" என்றான். 36 வருடம் "வீட்டுப்பாடம் முடிச்சியா?" என்று கேட்டு "பாப்போம் டீச்சர்" கேட்டவள் நான். தையில் மறுபடியும் போன் போடுவேன் என்று அவனுக்கும் தெரியும்.

உங்கள் ஊர்க் களரியில் இந்த வருடம் நாடகமோ, நையாண்டி மேளமோ, ஒயிலாட்டமோ இருந்தது என்றால் கீழே கமென்டில் கோயில் பெயரும் போகிற வழியும் எழுதுங்கள். அண்ணன் மகள் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறாள். அடுத்த வருட வேனில் இப்போதைக்கு இரண்டு சீட் காலி. பாய் நீங்கள் கொண்டுவர வேண்டும்.